கழுத்துக்குக் கீழ் அசைவில்லாதவர்களின் பொழுதுபோக்குகள்: வன்னி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அண்ணா 2012இல் புளியமரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து முள்ளந்தண்டு வடம் நசுங்கியது. தோளை அசைப்பார், முழங்கையை மடக்குவார். மணிக்கட்டும் விரல்களும் அசையாது, இடுப்புக்கும் கால்களுக்கும் உணர்வே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர்க் குழாயை எப்படிக் கவனிப்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள். அந்த வேலைகள் காலை பத்து மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரவு வரை அவர் என்ன செய்வார் என்பது பற்றி ஒருவரும் பேசவில்லை.

வன்னியில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. போரில் ஷெல் பட்டவர்கள், 2009க்குப் பிறகு மரத்தாலும் கிணற்றுக்குள்ளும் விழுந்தவர்கள், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர்கள். அந்த வீடுகளில் உள்ளவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் பாதி அண்ணா சொல்லச் சொல்ல நான் எழுதியவை.

எதிலிருந்து தொடங்குவது?

அடிபடுவதற்கு முன்பு அவருக்கு என்ன பிடித்தது என்பதிலிருந்து. கிரிக்கெட் விளையாடியவருக்குக் கிரிக்கெட், தோட்டக்காரருக்குத் தோட்டம், கதை சொல்லிக்கு வாய். எங்கள் வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்தோம். "கை ஏலாதவர்கள் வாயால் படம் வரைவார்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாழ்க்கையில் ஒரு நாளும் பென்சில் பிடித்து வரையாத மனிதருக்கு வர்ணப் பெட்டி வாங்கி வந்தோம். அவர் எங்களுக்காக நாலு மாதம் வரைந்தார்.

அடுத்தது, உடலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கழுத்து நரம்புகளில் ஒரு மட்டம் மேலேயா கீழேயா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. நாலாவது மட்டத்தில் அடிபட்டால் தலையும் கழுத்தும், தோளைக் கொஞ்சம் உயர்த்துவதும் மிஞ்சும். ஐந்தாவது என்றால் முழங்கை மடங்கும். ஆறாவது என்றால் மணிக்கட்டு மேலே நிமிரும். ஏழாவது என்றால் முழங்கையை நீட்ட முடியும். மட்டம் சிகிச்சை அட்டையில் எழுதியிருக்கும். தெரியாவிட்டால் அடுத்த கிளினிக்கில் பிசியோவிடம் கேளுங்கள். ஆனால் ஒரே மட்டத்தில் அடிபட்ட இரண்டு பேருக்கு ஒரே மாதிரி இருக்காது. அட்டையைவிட ஆளைப் பார்ப்பது நல்லது.

விரல் மடங்காது, ஆனால் மணிக்கட்டு அசைகிறது. ஏதாவது பிடிக்க முடியுமா?

முடியும். மணிக்கட்டை மேலே நிமிர்த்தும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே நெருங்கி வரும். கையைத் தொங்கவிட்டால் விரிந்துவிடும். தசைநார்களின் இயல்பான இழுவை இது. இந்தப் பிடியால் சீட்டு எடுக்கலாம், தாயக்கட்டை உருட்டலாம், விதை போடலாம். இதனால்தான் வீட்டில் உள்ளவர்கள் விரல்களை வளைய விடக்கூடாது என்று நினைத்து, மணிக்கட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு விரல்களையும் நீட்டி இழுக்கக்கூடாது. நார்கள் தளர்ந்தால் அந்தப் பிடி போய்விடும்.

மணிக்கட்டும் இல்லாதவருக்கு உள்ளங்கைப் பட்டி தைக்கலாம். உள்ளங்கையைச் சுற்றி வரும் அகலமான துணிப்பட்டி, ஒட்டும் வெல்குரோ, உள்ளே ஒரு சிறிய பை. அந்தப் பைக்குள் கரண்டி, தூரிகை, பேனா எதையும் செருகலாம். மணிக்கட்டு தொங்காமல் இருக்க ஒரு தாங்கு பட்டியும் வேண்டும். எங்கள் ஊர்த் தையல்கார அக்கா பாடசாலைப் பையின் நாடாவில் தைத்துத் தந்தார். இறுக்கிக் கட்டாதீர்கள். கழற்றியதும் தோலில் சிவந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாயில் கடித்துப் பிடித்து வரையவும் போனைத் தொடவும் உதவும் வாய்க்கோலை நாங்களே செய்யலாமா?

செய்யலாம். அதற்கு முன் கழுத்தில் சத்திரசிகிச்சை நடந்தவர்கள், பல் ஆடுகிறவர்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

எங்களுக்குச் சரிவந்தது அலுமினியப் பின்னல் ஊசி. கம்பளி பின்னும் நீள ஊசிதான், சுமார் 35 சென்ரிமீற்றர். பாரமில்லை, வளையாது. கடிக்கும் முனையில் மீன் தொட்டிக்குக் காற்று விடும் சிலிக்கன் குழாயில் புதிய துண்டொன்றை இழுத்து மாட்டினோம். முன்பற்களால் மட்டும் கடித்துப் பிடித்தால் சில மாதங்களில் பற்கள் நகரத் தொடங்கும். அதனால் குழாய்த் துண்டை நீளமாக விட்டு, கடைவாய்ப் பற்களும் சேர்ந்து கடிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவரின் கோலை இன்னொருவர் பயன்படுத்தக்கூடாது. தினமும் கழுவ வேண்டும்.

போன் திரையைத் தொடுவதற்கு என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. பல வீடுகளில் தடுமாறும் இடம் இதுதான். இன்றைய போன் திரைகள் அழுத்தத்தால் வேலை செய்வதில்லை. உடலோடு மின்தொடர்புள்ள ஒன்று தொட்டால்தான் உணரும். மரக்குச்சியின் நுனியில் ரப்பர் மாட்டினால் எவ்வளவு குத்தினாலும் ஒன்றும் நடக்காது. உலோகக் கோலின் நுனியில் மலிவான தொடுபேனாவின் ரப்பர் முனையை மாட்டுங்கள். மறுமுனையில் குழாய் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் உலோகம் உதட்டில் படும்படி விடுங்கள். மரக்கோல்தான் இருக்கிறது என்றால் சமையலறை அலுமினியத் தாளை நுனியிலிருந்து உதடு வரை இடைவெளியில்லாமல் சுற்றினாலும் வேலை செய்யும்.

படம் வரைய விரும்புகிறவருக்கு ஒரு தகவல். வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களுக்கென்று லிச்ரென்ஸ்ரைன் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட உலகச் சங்கம் 1950களிலிருந்து இயங்குகிறது. அதைத் தொடங்கிய எரிக் ஸ்ரெக்மன் வாயால் வரைந்தவர். இது விரும்பி வரைகிறவருக்கு மட்டும்.

போன் இருக்கிறது. அதை யூரியூப் பார்க்க மட்டும்தான் பயன்படுத்துகிறார். வேறு என்ன செய்யலாம்?

யூரியூப் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் அடுத்த வீடியோவை யார் மாற்றுகிறார்கள்? நீங்கள் மாற்றினால் அது உங்கள் தெரிவு. முதல் வேலை போனை அவர் கைக்கு, அதாவது குரலுக்கு மாற்றுவது.

அன்ரொயிட் போனில் கூகிளின் 'வொய்ஸ் அக்சஸ்' என்ற இலவசச் செயலி உண்டு. திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் எண் காட்டும், எண்ணைச் சொன்னால் அழுத்தும். நாங்கள் கட்டளைகளை ஆங்கிலத்திலேயே சொல்கிறோம். அண்ணாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'ஸ்குரோல் டவுன்', 'கோ பக்', 'ரப் செவன்' என்று இருபது சொற்கள் போதும், ஒரு வாரத்தில் பழகிவிட்டார். ஐபோனில் 'வொய்ஸ் கொன்ரோல்' 2019 முதல் இருக்கிறது. குரல் பலவீனமானவர்களுக்கு, அன்ரொயிட் 12 அல்லது அதற்குப் பிந்திய போன்களில் முன்பக்கக் கமரா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். புருவம் உயர்த்தினால் ஒன்று, வாய் திறந்தால் ஒன்று, சிரித்தால் ஒன்று என்று நாங்கள் கட்டளை வகுத்துக்கொள்ளலாம்.

எழுதுவதற்கு ஆங்கிலம் தேவையில்லை. கூகிள் விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சு 2017இலிருந்து இருக்கிறது. நம் பேச்சுத் தமிழை அது சில நேரம் குழப்பும். "வந்தவை, போனவை" என்று சொன்னால் தடுமாறும். எழுத்துத் தமிழில் நிதானமாகச் சொன்னால் நன்றாகவே எழுதும்.

வாசிப்பை இங்கேதான் சொல்ல வேண்டும். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்ததால் அண்ணா வாசிப்பையே விட்டிருந்தார். 2005 முதல் ஈழத்துப் புத்தகங்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் தளத்தை அவருக்குக் காட்டிய அன்றிரவு, விளக்கை அணைக்கட்டுமா என்று மூன்று தடவை கேட்டேன், வேண்டாம் என்றார். மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழைய இலக்கியங்கள் 1998 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத ஆசையுள்ளவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் தங்கள் ஊரைப் பற்றி எழுதலாம். வன்னிக் குளங்கள், கோயில்கள் பலவற்றைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது.

போனைத் தாங்க வளையும் தண்டுள்ள பிடி வாங்கிக் கட்டிலில் பூட்டுங்கள். முகத்துக்கு நேர்மேலே வேண்டாம், கழன்று விழுந்தால் அவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரம் இருக்காது. சார்ச் ஏறும் போனை உடம்பில் வைக்கவும் வேண்டாம். சூடு தெரியாது, தோல் வெந்துவிடும்.

சீட்டு விளையாடலாமா?

தாராளமாக. எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பி வந்ததே 304 என்ற சீட்டாட்டத்தால்தான்.

விளையாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். 32 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு எட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. இதில் கைக்கு வேலையே இல்லை. எது போனது, யாரிடம் ஒன்பது இருக்கிறது, துரும்பு எது என்று நினைவில் வைத்திருப்பதுதான் விளையாட்டு. அண்ணாவை வெல்வது முன்பைவிட இப்போது கஷ்டம்.

சீட்டைப் பிடிக்க ஓடாவியிடம் ஓரடி நீளப் பலகை ஒன்று கேட்டோம். வாளால் சாய்வாக இரண்டு பள்ளம் கீறித் தந்தார். அதில் சீட்டுகளை நிறுத்தினால் அவருக்கு மட்டும் தெரியும். பலகை இல்லாவிட்டால் நிலம் தேய்க்கும் பிரஷ்ஷைக் கவிழ்த்து வைத்து அதன் முட்களுக்கிடையில் செருகலாம். போட வேண்டிய சீட்டை அவர் "இடமிருந்து மூன்று" என்று சொல்வார், பின்னால் இருப்பவர் எடுத்துப் போடுவார்.

பின்னால் இருப்பவர் விளையாடாத ஒருவராக இருக்க வேண்டும். அவர் முகம் மாறக்கூடாது, "அதையா போடப் போறியள்?" என்று கேட்கக்கூடாது. எங்கள் சித்தப்பா இரண்டு நாள் இருந்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் தொண்டையைச் செருமினார். அண்ணா பலகையைத் தள்ளிவிட்டார். இப்போது பத்து வயது மருமகன் உட்காருகிறான், அவனுக்கு 304 தெரியாது. அதுவே அவனுடைய தகுதி.

சதுரங்கம், தாயம் இரண்டும் இதே முறையில்தான். சதுரங்கத்துக்கு லிசெஸ் என்ற இலவசத் தளம் உண்டு. நள்ளிரவிலும் எதிராளி கிடைப்பார்.

உடல் அசையும் விளையாட்டு ஏதும் உண்டா?

பொச்சா. 1984 முதல் பராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்து ஒன்று, சிவப்பு ஆறு, நீலம் ஆறு. வெள்ளைப் பந்துக்கு யாருடைய பந்து கிட்டப் போகிறதோ அவருக்குப் புள்ளி. கையால் எறிய முடியாதவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. சாய்வான ஒரு தடத்தின் மேல் பந்தை வைத்து, தலையில் பூட்டிய கோலாலோ வாய்க்கோலாலோ விடுவித்தால் உருண்டு போகும்.

அந்தப் பிரிவில் தடத்தை நகர்த்த ஓர் உதவியாளர் இருப்பார். அவர் ஒவ்வொரு சுற்றும் முடியும் வரை மைதானத்துக்கு முதுகைக் காட்டியே இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் குற்றம். இடப்பக்கம் கொஞ்சம், உயரம் கொஞ்சம் என்று விளையாடுபவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். எங்கள் சித்தப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். பராமரிக்கிற எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டிய விதி என்று நினைக்கிறேன்.

சரியான ஆடுகளம் 12.5 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்டது. வீட்டு விறாந்தையே போதும். பழைய துணியில் பயறு அல்லது மணல் நிரப்பி உருண்டைகள் தையுங்கள். தடத்துக்கு பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்தால் சரி.

சக்கர நாற்காலி ரக்பியும் இருக்கிறது. கனடாவின் வின்னிபெக் நகரில் 1970களில் கழுத்தில் அடிபட்டவர்களே தங்களுக்காக உருவாக்கியது. அதற்குத் தனி நாற்காலியும் வழவழப்பான உள்ளரங்கும் வேண்டும், நம் செம்மண் முற்றத்துக்குச் சரிவராது.

தோட்டம் செய்தவர். இப்போது என்ன செய்வது?

தோட்டக்காரராகவே இருக்கட்டும். மண்வெட்டி பிடிப்பது தோட்டத்தில் ஒரு பகுதிதான். எப்போது விதைப்பது, எந்தக் கத்தரிக்கு என்ன நோய், எதைப் பிடுங்குவது என்று தீர்மானிப்பது மறுபகுதி.

பெரிய தகர பரலை நெடுக்காக வெட்டி மேசை உயரத்தில் வைத்தால் நாற்காலி அதன் கீழே நுழையும். முழங்கால் இடிக்காமல் இருக்க அடியில் 70 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். வெட்டிய விளிம்பை மடித்து ரப்பர் குழாய் போட்டு மூடுங்கள். ஐப்பசி மழையோடு பயற்றை, வெண்டி, பசளி போடலாம். படுக்கையில் இருப்பவருக்கு யன்னல் கம்பியில் தொங்கும் சட்டியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் போதும். காலையில் கண் திறந்ததும் நேற்றைவிட ஓர் இலை கூட இருக்கும்.

ஒரு கவனம். முசுறு கடித்தாலும் அவருக்குத் தெரியாது. வளவுக்குள் போய் வந்தபின் கால், இடுப்பு, செருப்பின் உட்புறம் எல்லாம் பாருங்கள்.

ஒன்றும் செய்ய ஏலாத அளவுக்கு அடிபட்டவர். யன்னலைப் பார்த்தபடியே இருக்கிறார். அவருக்கு?

அந்த யன்னலே போதும். அண்ணா இப்போது பறவை பார்க்கிறார். ஓவியத்தை விட்டபின் தானாக வந்த பழக்கம் அது. கட்டிலை அரையடி திருப்பிப் போட்டோம், அவ்வளவுதான். புலுனிக் கூட்டம் காலை ஆறரைக்கு வரும். செண்பகம் வேலியோரம் நடக்கும். தேன்சிட்டு செவ்வரத்தைக்கு, மீன்கொத்தி கிணற்றுக் கப்பிக்கு. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக வரும். தினமும் மாற்றுங்கள், நுளம்பு பெருகும்.

அவர் தேதியும் நேரமும் சொல்லிக் குரலால் பதிகிறார். இபேர்ட் என்ற உலகளாவிய பதிவேட்டில் ஒரே இடத்தில் இருந்து பார்த்த பட்டியலையும் ஏற்கிறார்கள். கட்டிலில் இருந்து எண்ணிய காகமும் அங்கே ஒரு பதிவு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். அந்த மாதங்களில் ஒருமுறையாவது ஓட்டோ பிடித்து இரணைமடுவுக்கோ முத்தையன்கட்டுக்கோ வவுனிக்குளத்துக்கோ கூட்டிப் போங்கள். அணைக்கட்டில் நாற்காலியை நிறுத்தினால் போதும், கொக்கும் நாரையும் தாமே வரும்.

பாடுவார். இப்போது மூச்சு இல்லை என்கிறார்.

வயிற்றுத் தசைகள் இயங்காததால் மூச்சை வெளியே தள்ளும் பலம் குறைகிறது. வயிற்றைச் சுற்றி அகலப் பட்டி கட்டினால் சிலருக்குக் குரல் உயரும். எப்படிக் கட்டுவது என்று பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்பேர்ணில் கழுத்தில் அடிபட்டவர்களை 12 வாரம் சேர்ந்து பாட வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. பாடியவர்களின் குரல் பலமானது, ஒரே மூச்சில் நீட்டும் நேரமும் கூடியது. கூடி இருந்து பாட்டுக் கேட்டு ரசித்த மற்றக் குழுவுக்கும் மனநிலை தேறியது. பாட முடியாவிட்டாலும் கூட்டத்தோடு இருப்பது வேலை செய்கிறது என்பதே இதில் எனக்குப் பிடித்தது.

குரல் உள்ளவர்களுக்கு நம் ஊரில் இடம் இருக்கிறது. விளையாட்டுக் கழகத்தின் கரப்பந்தாட்டப் போட்டிக்கு அறிவிப்பாளர் வேண்டும். ஊரில் உள்ள அம்மம்மாக்களுக்குத் தெரிந்த அரிவிவெட்டுப் பாட்டையும் தாலாட்டையும் பதிந்து வைக்க ஆள் வேண்டும். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் ஒரு பாட்டுக் கேட்டால் போதும்.

எவ்வளவு நேரம் இருக்கலாம்? பயமாக இருக்கிறது.

பயப்படத் தேவையில்லை, ஆனால் இந்த மூன்றையும் மறக்கக்கூடாது.

நாற்காலியில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது முன்னுக்கோ பக்கத்துக்கோ சாய்த்து, ஒன்றிரண்டு நிமிடம் இருப்பிடத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். 304 சுவாரசியமாகப் போகும்போது இதுதான் மறக்கும். நாங்கள் சீட்டுக் கலைக்கும் ஒவ்வொரு முறையும் சாய்ப்போம். படுக்கையில் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்.

அடுத்தது வெயில். அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு தானாகக் குளிராது. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் மட்டும் வெளியே போங்கள். கழுத்தில் ஈரத்துவாய், கையில் தண்ணீர் தெளிக்கும் போத்தல்.

மூன்றாவது உயிரோடு சம்பந்தப்பட்டது. திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவப்பது, அடிபட்ட மட்டத்துக்கு மேலே மட்டும் வியர்ப்பது, உடம்பு சிலிர்ப்பது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி இருத்துங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடுப்பையும் பட்டியையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

இதில் வருமானம் வருமா?

எல்லோரும் கேட்பது இதுதான். வீட்டுக் கஷ்டம் தெரியும், கேட்பதில் பிழையில்லை. ஆனால் பொழுதுபோக்கைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கேட்காதீர்கள். வேலிக்குள் கிரிக்கெட் விளையாடும் பையனிடம் இதனால் எவ்வளவு உழைப்பாய் என்று நாங்கள் கேட்பதில்லை. அடிபட்டவரிடம் மட்டும், அவர் சந்தோசப்படுவதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும் என்பது போல் கேட்கிறோம். தொழில் வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பேசுங்கள். மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பான உயிரிழை இருக்கிறது. அங்கே இதே நிலையில் உள்ளவர்களோடு பேசலாம்.

எதைச் சொன்னாலும் "விடுங்கோ" என்கிறார்.

விட்டுவிடுங்கள், ஆனால் பக்கத்தில் நீங்கள் சீட்டு விளையாடுங்கள். அண்ணா முதல் மூன்று கிழமை முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்திருந்தார். நாலாம் கிழமை, நான் பிழையான சீட்டைப் போட்டபோது சுவரைப் பார்த்தபடியே "மடைச்சி" என்றார்.

சாப்பாட்டையும் மறுத்து, நித்திரையும் இல்லாமல், சாவைப் பற்றியே பேசினால் அது பொழுதுபோக்கால் தீர்வதில்லை. வைத்தியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் அழைக்கலாம்.

தொடங்கியதைப் பாதியில் விட்டுவிட்டால்?

விடலாம். வர்ணப் பெட்டி இப்போது மருமகனிடம் இருக்கிறது. அண்ணாவின் பட்டியலில் உள்ள பறவைகளை அவன்தான் வரைகிறான். செண்பகத்தின் கண் சிவப்பு என்று நேற்றும் அண்ணா திருத்தினார், அவன் கறுப்புத்தான் என்று வாதாடினான். இன்று காலை ஆறரைக்கு இரண்டு பேரும் யன்னலடியில் இருந்தார்கள்.